பழைய டர்போ சி விண்கலச் சண்டையைத் தூசிதட்டிப் புதுப்பித்தல்: குறை ஈர்ப்பு விளையாட்டுக்கு முழுமையான வழிகாட்டி

இரண்டு முக்கோண விண்கலங்கள், கீழே கரடுமுரடான தரை, மெல்ல இழுக்கும் ஈர்ப்பு. ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்த வேண்டும், தரையிலும் மோதக் கூடாது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி லேப்களில் டர்போ சி++ படித்தவர்கள் பலர் இப்படி ஒன்றை எழுதிப் பார்த்திருப்பார்கள். அதை இன்றைய கணினியில் ஓட வைப்பது ஒரு மாலை வேலை. பழைய கைப்பழக்கம் கெடாமல் ஓட வைப்பதுதான் கஷ்டம். இந்த வழிகாட்டி அதற்காக. சி மொழியில் லூப், ஸ்ட்ரக்ட் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும்.

1. கை வைக்கும் முன் அளந்து வையுங்கள்

ஃப்ளாப்பியில் இருந்தால் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போட்டு, கோப்புகளைத் தனித்தனியாக இழுக்காமல் முழு வட்டையும் ஒரே இமேஜாக எடுத்துவிடுங்கள். ஈரம் ஏறிய ஃப்ளாப்பியை இரண்டாம் தடவை படிக்க முடியும் என்று நம்ப முடியாது. எடுத்ததை கிட் (git) என்ற பதிப்புக் காப்புக் கருவியில் போட்டு, "பழையது, தொடாதே" என்று முதல் கமிட்டைப் போடுங்கள்.

அடுத்து, பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் தொடங்கவில்லை என்று பிழை வந்தால் பெரும்பாலும் ஈஜிஏவிஜிஏ என்ற பிஜிஐ (டர்போ சியின் கிராஃபிக்ஸ் நூலகம்) கோப்பின் பாதைதான் தவறாக இருக்கும். அந்தக் கோப்பை நிரலின் ஃபோல்டரிலேயே போட்டுப் பாதையைக் காலியாக விடுங்கள். டாஸ்பாக்ஸின் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள் அளவை 20000-இல் தொடங்கி, கன்ட்ரோல் + எஃப்11 அழுத்திக் குறைத்தும் கன்ட்ரோல் + எஃப்12 அழுத்திக் கூட்டியும், நினைவில் இருக்கும் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது மெயின் லூப்பில் ஒரு எண்ணி வைத்து, 10 விநாடியில் எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது என்று பாருங்கள். டிலேயில் 20 மில்லிவிநாடி என்று எழுதியிருப்பதால் விநாடிக்கு 50 ஃப்ரேம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். படம் வரையும் நேரமும் அதோடு சேரும், ஆகவே 40 பக்கம்தான் வரும். கீழே வரும் கணக்கெல்லாம் 40 என்று வைத்துப் போட்டது. உங்களுக்கு வரும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

2. ஃப்ரேம் கணக்கை விநாடிக் கணக்காக மாற்றுதல்

பழைய நிரலில் எல்லாமே "ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவு" என்றுதான் இருக்கும். அதை விநாடிக்கு மாற்றும்போது எதை ஒரு முறை பெருக்குவது, எதை இரு முறை பெருக்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

வேகத்தை ஒரு முறை பெருக்க வேண்டும். குண்டு ஃப்ரேமுக்கு 15 பிக்சல் போனால், 15 × 40 = விநாடிக்கு 600 பிக்சல்.

முடுக்கத்தை இரு முறை பெருக்க வேண்டும். ஈர்ப்பு 0.05 என்று இருந்தால், 0.05 × 40 × 40 = 80 பிக்சல் / விநாடி². ஒரே முறை பெருக்கினால் வருவது 2. அந்த எண்ணில் விண்கலம் பஞ்சுபோல அந்தரத்தில் நிற்கும். உடனே ஈர்ப்பை ஏதோ ஒரு எண்ணுக்கு ஏற்றி, அதற்கு ஈடாக உந்துவிசையையும் ஏற்றி, ஆட்டமே வேறாகிவிடும்.

உராய்வு இன்னொரு வகை. "வேகம் = வேகம் × 0.99" என்ற வரி பல பழைய விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும். விநாடிக்கு 40 முறை அது நடந்தால் 0.99-ஐ 40 தடவை பெருக்கிய மதிப்பு, அதாவது 0.669 பங்கு வேகம் மிஞ்சும். அதே வரியை 60 ஃப்ரேமில் ஓட்டினால் 0.547 பங்குதான் மிஞ்சும். கலம் சேற்றில் ஓடுவதுபோல் ஆகிவிடும். 60-க்குச் சரியான எண் 0.9933. விண்வெளியில் உராய்வு ஏது என்று அதை ஒரேயடியாகத் தூக்கிவிடத் தோன்றும். தரை இருக்கும் களத்தில் கொஞ்சம் விட்டு வைப்பதே நல்லது, புதிதாக விளையாட வருபவருக்கு அதுதான் பிடிமானம். தரைக்குப் பதிலாக நடுவே ஒரு கோளை வைத்து அதைச் சுற்றும் களத்தில் மட்டும் கட்டாயம் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுப்பாதை சுருங்கிச் சுருங்கிக் கோளில் போய் விழும்.

3. பிக்சலுக்கு ஒரு மீட்டர் அளவு

திரை 640 × 480. 20 பிக்சல் = 1 மீட்டர் என்று வைத்தால் திரை உயரம் 24 மீட்டர். பழைய ஈர்ப்பு 80 பிக்சல் என்பது 4 மீட்டர் / விநாடி². செவ்வாயின் 3.71-க்குப் பக்கத்தில் வருகிறது. நிலவு என்றால் 1.62, அதாவது 32.4 பிக்சல்.

உச்சியிலிருந்து தரைக்கு விழ ஆகும் நேரம் பூமி ஈர்ப்பில் 2.2 விநாடி, நிலவில் 5.4 விநாடி. சண்டை விளையாட்டில் இந்த 5.4 விநாடிதான் முக்கியம். எதிராளியைப் பார்த்து, திரும்பி, சுட்டு, பிறகு தரையைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. 2.2 விநாடியில் தரையைப் பார்க்கவே நேரம் சரியாகப் போய்விடும், சண்டை போட வாய்ப்பே இருக்காது.

ஆனால் ஈர்ப்பைக் குறைத்தால் மட்டும் வேலை முடியாது. உந்துவிசைக்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதத்தில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. காவல்கிணறு அருகே மகேந்திரகிரி அடிவாரத்தில் விகாஸ் எஞ்சினையும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு உண்மையான எண்களைப் போட்டுப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. போட்டுப் பார்ப்போம். சந்திரயான்-3 தரையிறங்கு கலத்தில் 800 நியூட்டன் எஞ்சின்கள் 4. புறப்பட்டபோது கலத்தின் நிறை 1752 கிலோ. 3200-ஐ 1752-ஆல் வகுத்தால் 1.83 மீட்டர் / விநாடி². நிலவின் ஈர்ப்பைவிட 0.2 தான் கூடுதல். எரிபொருள் தீரத் தீர நிறை குறைந்து இந்த விகிதம் ஏறும் என்பது வேறு விஷயம். விளையாட்டில் இந்த எண்ணை வைத்தால், விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் விழும் கலத்தை நிறுத்த அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒருவரும் விளையாட மாட்டார்கள்.

உந்துவிசையை ஈர்ப்பைப்போல் 3 மடங்கு வையுங்கள்: 4.86 மீட்டர், அதாவது 97 பிக்சல் / விநாடி². ஈர்ப்பைக் கழித்தால் மேல்நோக்கி மிஞ்சுவது 3.24. 2 மடங்குக்குக் கீழே போனால் கலம் மந்தமாகிவிடும். 5 மடங்கைத் தாண்டினால் ஈர்ப்பு இருப்பதே தெரியாது.

இந்த எண்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. உச்சியிலிருந்து கலத்தைச் சும்மா விழ விட்டு, தரைக்கு மேல் 8 மீட்டரில், அதாவது 160 பிக்சலில், முழு உந்துவிசையைக் கொடுங்கள். அப்போது வேகம் 7.2 மீட்டர் இருக்க வேண்டும். 2.2 விநாடி எரித்ததும் தரையைத் தொடும் இடத்தில் வேகம் சுழியாக வேண்டும். உராய்வை அணைத்துவிட்டு இதை நிரலாகவே எழுதி வையுங்கள். ஓரிரு பிக்சல் முன்பின் வரலாம். 20 பிக்சல் பிசகினால் எங்கோ ஒரு பெருக்கல் தவறியிருக்கிறது.

4. நேரப்படியை நிலையாக வைத்தல்

படம் வரைவதும் இயற்பியல் கணக்கும் ஒரே லூப்பில் ஒட்டிக் கிடப்பதுதான் பழைய நிரலின் பெரிய நோய். இரண்டையும் பிரியுங்கள். இயற்பியல் எப்போதும் 1/60 விநாடிப் படியில்தான் நகர வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கடந்த நேரத்தை ஒரு சேமிப்பில் போடுங்கள். சேமிப்பில் 1/60-க்கு மேல் இருக்கும்வரை ஒரு படி ஓட்டி, 1/60-ஐக் கழியுங்கள்.

ஒரே தடவையில் சேரும் நேரத்துக்கு 0.25 விநாடி என்று உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். விண்டோவைப் பிடித்து இழுத்தாலோ, கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறி ஒரு நொடி திணறினாலோ, வரம்பு இல்லாத நிரல் விட்டுப்போன படிகளை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்டப் பார்க்கும். அதற்கு ஆகும் நேரத்தில் இன்னும் படிகள் சேரும், கடைசியில் அப்படியே உறைந்துவிடும்.

படிக்குள் வரிசை முக்கியம். முதலில் வேகம், பிறகு இடம்:

வேகம் = வேகம் + முடுக்கம் × படி
இடம் = இடம் + வேகம் × படி

பழைய நிரலில் இது தலைகீழாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சீரான ஈர்ப்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கோளைச் சுற்றும் களத்தில் தெரிந்துவிடும். 12 விநாடியில் ஒரு சுற்று என்றால், முடுக்கத்தைப் படியின் தொடக்க இடத்திலேயே கணக்கிட்ட தலைகீழ் வரிசையில் ஒரே சுற்றில் பாதை 10 சதவீதம் அளவுக்கு விரிந்துவிடும். 9 மீட்டர் ஆரத்தில் அது ஏறக்குறைய 20 பிக்சல். மேலே சொன்ன வரிசையில் பாதை அங்கேயே நிற்கும்.

கோள் களத்துக்கான எண்கள்: ஈர்ப்பு = 200 / தூரம்² (மீட்டரில்), கோளின் ஆரம் 3 மீட்டர். 9 மீட்டர் தூரத்தில் வட்டப்பாதை வேகம் 4.7 மீட்டர், தப்பிக்கும் வேகம் 6.7. கோளின் மேற்பரப்பில் ஈர்ப்பு 22 வரும், பூமியைவிட இரண்டு மடங்குக்கு மேல். நிலவின் 1.62-ஐ அங்கே வைத்தால் ஒரு சுற்றுக்கு 44 விநாடி ஆகும், பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆக, குறை ஈர்ப்பு என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டியது தரைக் களத்தில்தான். 4.86 உந்துவிசை இந்தக் கோளின் மேற்பரப்பிலிருந்து கலத்தைத் தூக்காது, எனவே கோளைத் தொட்டால் சாவு என்றே விதி வையுங்கள்.

5. வரையும் பகுதியை மாற்றுதல்

சி நிரலை அப்படியே கொண்டுபோக ரேலிப் (raylib) என்ற விளையாட்டு நூலகம் எளிது. பிஜிஐயின் கோடு, வட்டம், விண்டோ திறத்தல் எல்லாவற்றுக்கும் நேர் இணை உண்டு. எக்ஸ்ஓஆர் முறையில் அழித்து அழித்து வரைந்த வரிகளை மொத்தமாக நீக்கிவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரையைத் துடைத்துப் புதிதாக வரையுங்கள். கோடோ (Godot) என்ற விளையாட்டு எஞ்சினில் செய்பவர்கள் கலத்துக்கு அதன் இயற்பியல் பொருளைப் பயன்படுத்தாமல் மேலே உள்ள இரண்டு வரியை நீங்களே எழுதுங்கள். இல்லாவிட்டால் அதன் இயல்பு ஈர்ப்பும் தணிப்பும் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும்.

டர்போ சியில் இன்ட் 16 பிட். 32767-க்கு மேல் போனால் எதிர்மறைக்குச் சுற்றிவிடும். கோணத்தையோ இடத்தையோ அந்தச் சுற்றலை நம்பி எழுதியிருந்தால் 32 பிட் கம்பைலரில் கலம் திரைக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும். இடம், வேகம் எல்லாவற்றையும் ஃப்ளோட் ஆக்கிவிடுங்கள்.

1/60 படியை அப்படியே வரைந்தால் 75 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் லேசாக நடுங்கும். முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் நடுவே, சேமிப்பில் மிஞ்சிய நேரத்தின் விகிதத்தில் ஒரு புள்ளியைக் கணக்கிட்டு அங்கே வரையுங்கள். கலம் வலது ஓரம் போய் இடது ஓரத்தில் வரும்போது மட்டும் முந்தைய இடத்தையும் அதே 640 அளவு நகர்த்துங்கள். மறந்தால் ஒரு ஃப்ரேமுக்குத் திரையின் நடுவே கலத்தின் பேய் உருவம் மின்னும்.

லேப் கணினி மிகப் பழையது என்றால் விண்டோ திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். ரேலிப் இயல்பாகக் கேட்பது ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை வசதியின் 3.3 பதிப்பு. அதை 2.1 தேர்வுடன் மறுபடி கம்பைல் செய்தால் ஓடும். எஸ்கேப் விசை இயல்பிலேயே நிரலை மூடிவிடும் என்பதையும் கவனியுங்கள், அதை மெனுவுக்கு மாற்றுவது உங்கள் வேலை.

6. குண்டும் மோதலும்

சுடும் குண்டின் வேகத்தோடு கலத்தின் வேகத்தையும் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் வேகமாகப் போகும் கலம் தன் குண்டையே துரத்திப் பிடித்துவிடும்.

பின்னுதைப்பு வேண்டுமா என்றால், வேண்டும். கலம் 1000 கிலோ, குண்டு 5 கிலோ, வேகம் 30 மீட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் கலம் 0.15 மீட்டர் வேகம் எதிர்ப்பக்கம் வாங்கும். நிலவு ஈர்ப்பில் இது குறும்பான எண். விநாடிக்கு 11 குண்டு கீழ்நோக்கிச் சுட முடிந்தால் எரிபொருளே இல்லாமல் அந்தரத்தில் நிற்கலாம். பையன்கள் இதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். விநாடிக்கு 4 குண்டு என்று கட்டுப்படுத்தினால் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்குதான் ஈடாகும். கெட்டிக்காரன் எரிபொருளை மிச்சம் பிடிக்க அது ஒரு வழியாக நிற்கும், ஆட்டத்தையும் கெடுக்காது.

600 பிக்சல் வேகக் குண்டு ஒரு படியில் 10 பிக்சல் தாண்டும். 4 பிக்சல் தடிமன் சுவரை அது தொடாமலே கடந்துவிடும். எதிரே வரும் கலத்தின் ஓரத்தையும் அப்படியே தாண்டும். அதனால் புள்ளியைச் சோதிக்காமல், படியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உள்ள கோட்டைச் சோதியுங்கள். கலத்தைப் பொறுத்த குண்டின் சார்பு நகர்வை எடுத்து, அந்தக் கோட்டில் கலத்தின் மையத்துக்கு மிக அருகில் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை 0 முதல் 1 வரைக்குள் அடக்கி, தூரம் கலத்தின் ஆரத்துக்குள் வந்தால் அடி விழுந்தது.

இதில் ஒரு பழைய பொறி உண்டு. குண்டு திரை ஓரத்தைச் சுற்றி வரும் படியில் அந்தக் கோடு திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளும். வழியில் உள்ள எல்லாரும் செத்துவிழுவார்கள். தூர வித்தியாசம் 320-ஐத் தாண்டினால் 640-ஐக் கழித்தோ கூட்டியோ குறுகிய பக்கத்தை எடுங்கள்.

தரைக்கு 33 உயரப் புள்ளிகள், 20 பிக்சல் இடைவெளியில். பணகுடிப் பக்கம் நின்று மலை விளிம்பைப் படம் எடுத்து அதிலிருந்து 33 உயரங்களைக் குறித்தாலே அழகான களம் கிடைக்கும். இறங்குமிடத்துக்கு 3 இடைவெளி சமதரையாக விடுங்கள். கலத்தின் மூன்று முனைகளும் தரைக்குக் கீழே போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கூரான பாறை முனை இரண்டு கால்களுக்கும் நடுவே வயிற்றில் ஏறிவிடும். தரைப்புள்ளி முக்கோணத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறங்கும் வரம்புக்குச் சந்திரயான்-3 எண்கள் நல்ல தொடக்கம்: செங்குத்து வேகம் 2 மீட்டர், பக்கவாட்டு 0.5, சரிவு 12 பாகை. பக்கவாட்டு 0.5 என்பது விநாடிக்கு 10 பிக்சல், சண்டைக்கு நடுவே யாராலும் முடியாது. 3 மீட்டர், 1 மீட்டர், 15 பாகை என்று தளர்த்துங்கள்.

7. விசைப்பலகை

டர்போ சியில் விசையைப் படிக்கும் கேபிஹிட், கெட்சி இரண்டும் ஒரு நேரத்தில் ஒரு விசையைத்தான் தரும். இப்போது விசை கீழே இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். திருப்புதல் விநாடிக்கு 200 பாகை. அரைச் சுற்றுக்கு 0.9 விநாடி.

மலிவான விசைப்பலகையில் இருவர் விளையாடும்போது மூன்றாவது, நான்காவது விசை காணாமல் போகும். ஷிஃப்ட், கன்ட்ரோல் விசைகள் பொதுவாக இதில் மாட்டுவதில்லை என்பதால் சுடுவதற்கு அவை ஏற்றவை. ஆனால் ஷிஃப்டை 5 முறை தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் பெட்டியைத் திறந்து ஆட்டத்தை நிறுத்தும். கன்ட்ரோலை எடுங்கள்: ஒருவருக்கு ஏ, டி, டபிள்யூ, இடது கன்ட்ரோல், மற்றவருக்கு அம்புக்குறிகள், வலது கன்ட்ரோல். உலாவியில் ஓடும் பதிப்பில் மட்டும் இது ஆகாது. டபிள்யூவை அழுத்தி உந்திக்கொண்டே கன்ட்ரோலில் சுட்டால் டேப் மூடிக்கொள்ளும்.

8. எரிபொருள்

முழு உந்துவிசைக்கு 20 விநாடி எரிபொருள் கொடுங்கள். விகிதம் 3 என்பதால் அந்தரத்தில் நிற்க நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு எரித்தால் போதும். 60 விநாடி மிதக்கலாம். பிறகு இறங்கித்தான் நிரப்ப வேண்டும். எரிபொருள் குறையக் குறைய நிறையையும் குறைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கையில் ஏறிய பழக்கம் ஆட்டத்தின் பாதியில் மாறும்.

9. ஆட விட்டுப் பார்த்தல்

பக்கத்து வீட்டுப் பையன்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இவைதான் வரும்:

"வண்டி கையில நிக்க மாட்டேங்குலே": திருப்பும் வேகம் அதிகம், அல்லது விசையை விட்ட பிறகும் ஒரு படி உந்துகிறது. ஈர்ப்பைத் தொடாதீர்கள்.

"குண்டு பட்டுச்சு, சாகலையே அண்ணாச்சி": கோட்டுச் சோதனை விட்டுப்போயிருக்கிறது, அல்லது வரைந்த கலம் மோதல் ஆரத்தைவிடப் பெரிது. ஆரத்தை வரைபடத்தைவிட 1 பிக்சல் பெரிதாக வையுங்கள்.

"சும்மா மேலயே கெடந்து ஜெயிக்கான்": எரிபொருள் அதிகம்.

"என் லேப்டாப்ல மெதுவா ஓடுது": உந்துவிசையிலோ உராய்விலோ எங்கோ ஃப்ரேம் கணக்கு இன்னும் மிஞ்சியிருக்கிறது. மூன்றாம் பகுதியில் சொன்ன 8 மீட்டர் சோதனையை, இந்த முறை உராய்வை அணைக்காமல், ஃப்ரேம் 60-இலும் 30-இலும் ஓட்டி ஒப்பிட்டால் பிடிபடும்.

எப்போதாவது ஒரு முறை வரும் பிழைக்கு, விசைகளின் நிலையைப் படிக்கு ஒரு பைட்டாக ஆளுக்கொரு வரிசையில் கோப்பில் எழுதுங்கள். 3 நிமிட ஆட்டத்துக்கு 21,600 பைட்தான். படி நிலையானது என்பதால், தொடக்க ரேண்டம் விதையையும் சேர்த்து வைத்தால், அதே கணினியில் ஆட்டம் அச்சு அசலாகத் திரும்ப ஓடும்.

10. தமிழ் எழுத்தும் பொதி கட்டுதலும்

மெனுவைத் தமிழில் வைக்கும்போது ரேலிப்பில் ஒரு சிக்கல். தமிழ் எழுத்துருவை ஏற்றினாலும் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வரையுமே தவிரக் கொம்பை முன்னால் கொண்டுவராது. "போர்" என்பது ப-வுக்குப் பின்னால் கொம்பும் காலுமாகச் சிதறி நிற்கும். சொற்கள் குறைவு என்பதால் ஒவ்வொன்றையும் பிஎன்ஜி படமாக முன்பே எடுத்து ஒட்டிவிடுவதே குறுக்குவழி. மதிப்பெண் போன்ற மாறும் பகுதிக்கு எண்களை மட்டும் எழுத்துருவில் வரையுங்கள். கோடோ 4-இலும் உலாவியிலும் இந்தத் தொல்லை இல்லை.

பழைய ஸ்பீக்கர் பீப் சத்தத்துக்கு 0.1 விநாடிச் சதுர அலையை வேவ் கோப்பாக ஏற்றினால் அதே ஒலி கிடைக்கும். வீட்டில் செய்த எக்ஸி கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனால் சில ஆன்டிவைரஸ் சத்தமில்லாமல் அழித்துவிடும். கண்காட்சிக்குப் போகும்போது மூல நிரலையும் கம்பைலரையும் அதே பென்டிரைவில் ஜிப்பாக வைத்து, அங்குள்ள கணினியிலேயே கம்பைல் செய்ய ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.